தட்டுமுட்டு அண்ணையின் நாற்பத்து நான்காவது பிழை

சிரிப்புப் படத்தைப் பாடப்புத்தகமாக வைத்துத் தொழில் படித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் இருக்கிறார். இதை எந்த மேடையிலும் ஏறிச் சொல்ல நான் தயார். மறுக்கிறவர்கள் அவர் குறிப்பெழுதும் கொப்பியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து மறுக்கட்டும்.

பெயரைக் கேட்காதீர்கள். ஊரில் யாருக்கும் அவருடைய பெயர் தெரியாது. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கொம்பனி வைத்திருந்தபடியால் எல்லோருக்கும் அவர் தட்டுமுட்டு அண்ணை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் அவருடைய மனைவியே, "அவர் தட்டுமுட்டுக்குப் போயிட்டார்" என்றுதான் பதில் சொல்லுவார்.

கொம்பனி தொடங்குவதற்கு முன்பு பத்தொன்பது வருடம் கோழித் தொழிற்சாலையில் நின்றவர். நின்றவர் என்று சும்மா சொல்லவில்லை. ஒரே இடத்தில் நின்றார். கோழிகள் இடப்பக்கத்தால் வந்து வலப்பக்கத்தால் போகும். "பத்தொன்பது வருசமா எல்லாம் எனக்கு முன்னால போகுது தம்பி. ஒருக்கா நானும் போய்ப் பாப்பம் எண்டு நினைச்சன்" என்பதுதான் கொம்பனி தொடங்கியதற்கு அவர் சொன்ன காரணம். தொழிற்சாலை மேலாளர் நல்ல மனிதர். ஒரு வருடம் லீவு கொடுத்து, டிசம்பர் முடியும் வரைக்கும் உன் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்று கை குலுக்கி அனுப்பினார். ஆகவே விஷயம் வெகு தெளிவு. டிசம்பருக்குள் கொம்பனி காலூன்ற வேண்டும். இல்லாவிட்டால் ஜனவரியில் திரும்பவும் கோழி.

கொம்பனியின் சொத்து ஒரு வான். வெதுப்பகக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியது. அதன் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ரொட்டி வரைந்து, "தினமும் காலையில் புத்தம் புதிதாக" என்று டெனிஷில் எழுதியிருந்தது. அண்ணை அதை அழிக்க மறுத்துவிட்டார். "ரொட்டியைக் கண்டா சனம் நம்பும். எங்களைக் கண்டா ஆர் நம்பப் போகினம்?" என்றார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது டெனிஷ்காரர்கள் கண்ணாடியைத் தட்டி ரொட்டி கேட்பார்கள். அண்ணை மிகுந்த மரியாதையோடு, "இன்றைக்கு முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்புவார்.

கொம்பனியின் ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இருந்த வேலை போய், வேறு வேலை வரும் மட்டும் என்று சேர்ந்தேன். மற்றவன் அன்ரன், மன்னார்க்காரன். குளிர்சாதனப் பெட்டியைத் தனியாளாகத் தூக்குவான். ஆனால் ஒருமுறை சிரிப்புத் தொடங்கிவிட்டால் ஒரு தலையணையைக்கூட அவனால் தூக்க முடியாது. இந்தக் குறைதான் முதல் நாளே அவனுக்கு ஏச்சு வாங்கித் தந்தது.

முதல் நாள் காலை ஏழரைக்கு எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார் அண்ணை. ஹோலில் இரண்டு கதிரை போட்டிருந்தது. ஆளுக்கொரு பென்சில் தந்தார். பிறகு தொலைக்காட்சியில் ஒரு படம் போட்டார். பழைய ஆங்கிலப் படம், கறுப்பு வெள்ளை, கீழே டெனிஷ் எழுத்து. பழைய சாமான் சந்தையில் ஒரு பெட்டி கரண்டிகளோடு சும்மா வந்த டிவிடி அது. உறை இல்லை, பெயரும் இல்லை. இங்கிலாந்தில் எங்கோ ஒரு சின்ன ஊரில், வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றும் கொம்பனி ஒன்று மூடப்படும் நிலையில் இருக்கிறது. மீசைவைத்த முதலாளி, ஒல்லியான ஒருவர், மொத்தமான ஒருவர். ஒல்லியானவர் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்புகிறார். ஏணியின் பின்பக்கம் முதலாளியின் மண்டையில் அடிக்கிறது. என்ன சத்தம் என்று பார்க்க அவர் மறுபடி திரும்புகிறார். இப்போது முன்பக்கம் பொலிஸ்காரரின் மண்டையில்.

அன்ரன் கதிரையிலிருந்து விழுந்துவிட்டான். நானும் சிரித்தேன். அண்ணை ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார்.

"என்ன சிரிப்பு?"

"அண்ணை, இது பகிடிப் படமெல்லோ?" என்றான் அன்ரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒரு மனிசன்ர பிழைப்புப் போய்க்கொண்டிருக்கு. அதில உமக்கு என்ன பகிடி?"

"இல்லை அண்ணை, அந்த ஏணி…"

"அந்த ஏணியைத்தான் கேக்கிறன். அதில என்ன பிழை? எழுதும்."

நாங்கள் எழுதினோம். 'திரும்பும்போது பின்னால் பார்க்கவில்லை.' அண்ணை தன்னுடைய கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சரி போட்டார். அவருடைய கொப்பியில் அது முதலாம் பிழை. படம் முழுவதிலும் அவர் நாற்பத்து மூன்று பிழைகள் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே அதைத் தவிர்க்கும் வழியை எழுதி வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் யாராவது பகிடிக்குப் படம் எடுப்பார்களா, இது நடந்த கதை என்பது அவருடைய முடிவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏழரைக்கு வகுப்பு. அன்ரன் வாய்க்குள் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு படம் பார்த்தான்.

படம் முழுவதிலும் என்றேனே, அதுவும் சரியில்லை. டிவிடித் தட்டில் ஒரு கீறல் இருந்தது. எழுபத்தோராவது நிமிடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். பற்பசை பூசித் துடைத்தும் பார்த்தார், அசையவில்லை. நிற்கிற இடம்தான் வில்லங்கமான இடம். மூன்றாம் மாடி யன்னலிலிருந்து ஓர் அலுமாரியைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார்கள். அலுமாரிக்குள் அந்த மொத்தமான மனிதர் அகப்பட்டுவிட்டார். கதவு திறந்து அவருடைய முகம் வெளியே தெரிகிறது. மேலே கயிறு ஒவ்வொரு புரியாக அறுந்து கடைசிப் புரியில் நிற்கிறது. அந்த இடத்தில் படம் உறைந்துவிடும். அந்த ஆள் விழுந்தாரா, கொம்பனி பிழைத்ததா, எங்களுக்குத் தெரியாது. அண்ணை அந்த முகத்தை ஒவ்வொரு திங்களும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்பார். கயிற்றின் தடிப்பைக் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு தொலைக்காட்சியை நிறுத்தி, "சரி, வெளிக்கிடுவம்" என்பார்.

இப்படிப் படித்துத் தேறிய கொம்பனி எப்படி நடந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். பிழை விடவில்லை. படத்திலுள்ள ஒரு பிழையும் நாங்கள் விடவில்லை. அதுதான் கரைச்சல்.

ஏணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியோடு யார் திரும்பினாலும் "ஏணி!" என்று உரத்துக் கத்த வேண்டும். கேட்டவர்கள் உடனே குனிய வேண்டும். இது முதலாம் விதி. ஓர் ஆசிரியை வீட்டில் அன்ரன் "ஏணி!" என்று கத்தினான். நானும் அண்ணையும் கையிலிருந்த செற்றியோடு சேர்ந்து குனிந்தோம். செற்றியில் உட்கார்ந்திருந்த பூனை யன்னலால் பாய்ந்துவிட்டது. அன்று பின்னேரத்துக்குள் அந்த ஆசிரியையும் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் "ஏணி" என்ற சத்தம் கேட்டவுடன் தாங்களாகவே குனியப் பழகிவிட்டார்கள். அந்தத் தெருவில் இன்றைக்கும் எல்லோருக்கும் ஒரு தமிழ்ச் சொல் தெரியும்.

பதினேழாம் பிழை, முதலாளி கதவை அளக்காமல் சாமான் தூக்கியது. ஆகவே அண்ணை எல்லாவற்றையும் அளந்தார். பழைய வீட்டுக் கதவு, புது வீட்டுக் கதவு, கட்டில், மேசை, பூச்சாடி. ஏற்றுவதற்கு நாற்பது நிமிடம் என்றால் அளப்பதற்கு மூன்று மணித்தியாலம். ஒரு வீட்டில் வாடிக்கையாளரையே அளவு நாடாவால் சுற்றி அளந்தார். அந்த மனிதர் ஏனென்று கேட்டபோது, "நீங்களும் வீடு மாறுகிறீர்கள்தானே" என்றார். மனிதர் இரண்டு கையையும் தூக்கி அளக்கக் கொடுத்தார்.

இருபத்தெட்டாம் பிழை மெத்தை. படத்தில் ஒரு மெத்தை மலைச்சரிவில் உருண்டு போய்த் திருமண ஊர்வலத்துக்குள் புகுந்துவிடும். எங்கள் பக்கத்தில் சரிவென்று சொல்ல ஒன்றும் இல்லை. தோசைக்கல்லில் மேடு தேடலாம், அங்கே தேட முடியாது. இருந்தாலும் விதி விதிதான் என்று அண்ணை மெத்தையைக் கயிற்றால் தன்னுடைய இடுப்போடு கட்டினார். மேடு இல்லாத ஊரில் காற்று இருக்கிறது என்பதைப் படம் எடுத்தவர்கள் சொல்லித்தரவில்லை. அன்று மேல்காற்று. மெத்தை நிமிர்ந்தது. அண்ணை வயலுக்குள் போனார். நடந்தும் போகவில்லை, ஓடியும் போகவில்லை, போனார். அன்ரன் சோளக் கதிர்களுக்குள்ளால் துரத்திப் போய்ப் பிடித்தான். திரும்பி வந்த அண்ணை முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கொப்பியை எடுத்து இருபத்தெட்டுக்குப் பக்கத்தில் 'காற்று' என்று எழுதினார்.

இவை படத்திலிருந்து வந்த விதிகள். யாழ்ப்பாணத்திலிருந்து கூடவே வந்த விதிகள் இரண்டு இருந்தன.

ஒன்று ராகுகாலம். அந்த நேரத்தில் ஒரு கரண்டிகூட வானில் ஏறாது. அண்ணை ஊர்க் கலண்டரை நம்புகிறவரல்ல. இங்கத்தைய சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் பார்த்துத் தானே எட்டாகப் பிரித்துக் கணக்குப் போடுவார். கோடையில் சூரியன் படுக்கப் போவதே இல்லை என்பதால் ராகுகாலம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நீளும். டெனிஷ்காரர்கள் தெருவில் கட்டிலை வைத்துக்கொண்டு காத்து நிற்பார்கள். மாரியில் ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். "மாரியில எங்களுக்குக் கிடைக்கிற ஒரே வசதி" என்பார் அண்ணை.

மற்றது பால். புது வீட்டில் சாமான் இறக்கி முடிந்தவுடன், முதல் வேலையாக அடுப்பில் பால் வைத்துப் பொங்க வைக்க வேண்டும். தமிழர் வீடுகளில் அது அவர்கள் வேலை. டெனிஷ்காரருக்கு யார் செய்வது? ஆகவே அண்ணை கொம்பனிச் செலவில் செய்தார். வானில் எப்போதும் ஒரு சின்னச் சட்டியும் ஒரு பெட்டி முழுப்பாலும் இருக்கும். கைபேசியில் கிழக்குப் பார்த்துச் சட்டியை வைப்பார். பால் பொங்கி வழியும். டெனிஷ்காரர்கள் அதை அடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை என்று நினைத்து நன்றி சொல்லுவார்கள். அண்ணையும் மறுத்ததில்லை.

நவம்பர் வந்தது. வேலை குறைந்தது. நாங்கள் நல்லவர்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், ஆனால் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். டிசம்பர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய நேரத்தில், ஒரு முதியோர் இல்லத்தின் பொறுப்பாளர் பென்ட என்ற பெண் தொலைபேசி எடுத்தார். அங்கே புதிதாக வருகிறவர்களின் சாமான்களைப் பொறுமையாக ஏற்றி இறக்க ஒரு கொம்பனி தேடுகிறார்கள். அவசரப்படாத ஆட்கள் வேண்டும். ஒருவரை ஏற்றி இறக்கிக் காட்டுங்கள், சரிவந்தால் இனி எல்லாம் உங்களுக்கே என்றார்.

"அவசரப்படாத ஆக்கள் எண்டு கேட்டவா" என்று அண்ணை எங்களிடம் சொன்னார். "இது பிசகினா, நான் வெள்ளைச் சப்பாத்தைப் போட வேண்டியதுதான்." தொழிற்சாலையில் போடுகிற ரப்பர்ச் சப்பாத்து அது.

இல்லத்துக்குப் போக இருந்தவர் இங்கர். எண்பத்தாறு வயது. ஐம்பத்தொரு வருடம் இருந்த வீடு. இரண்டு தடவை விழுந்த பிறகு இனித் தனியே இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. நாங்கள் போனபோது யன்னலோரம் ஒரு கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னோம். பதில் இல்லை. கோப்பி வேண்டுமா என்று நான் கேட்டேன், அவருடைய வீட்டிலேயே அவரைக் கேட்டது என் மடத்தனம். அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அண்ணை அவருக்கு முன்னால் போய்க் குந்தியிருந்து, கதிரையை அளந்து முடித்துவிட்டு, டெனிஷில் சொன்னார். "இந்தக் கதிரை கடைசியாக ஏறும். அதுவரைக்கும் நீங்கள் இதிலேயே இருக்கலாம். உங்களை யாரும் எழுப்பமாட்டார்கள்."

அப்படியே செய்தோம். அவரைச் சுற்றி வீடு வெறுமையாகிக்கொண்டு வந்தது. அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் "ஏணி!"க்குத் திடுக்கிட்டார். இரண்டாவதுக்கு நாங்கள் குனிவதைக் கவனித்தார். நாலாவதுக்கு அவருடைய தலை மெல்லத் தாழ்ந்தது. பதினொரு மணியளவில் அன்ரன் கத்த மறந்து ஏணியோடு திரும்பினான்.

"ஏணி!" என்றார் இங்கர்.

அன்று அவர் வாய் திறந்து சொன்ன முதல் சொல் அதுதான். அன்ரன் குனிந்தான். பிறகு வெளியே ஓடிப்போய் வானுக்குப் பின்னால் நின்று சிரித்தான்.

இல்லத்தில் எல்லாம் நூல் பிடித்த மாதிரி நடந்தது. நாற்பத்து மூன்று பிழைகளில் ஒன்றுகூட இல்லை. அலுமாரி கதவால் போனது, மேசை கால் உடையாமல் நின்றது, மெத்தையும் அண்ணையும் தரையிலேயே இருந்தார்கள். பழைய வீட்டில் படங்கள் எந்த ஒழுங்கில் தொங்கினவோ அதே ஒழுங்கில் அண்ணை மாட்டினார். கதிரையை யன்னலோரம் வைத்தோம். இங்கர் இருந்துபார்த்துவிட்டுத் தலையாட்டினார். பென்ட வாசலில் நின்று, "இப்படி ஒரு வீடு மாற்றத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அண்ணை தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். அதுதான் அவருடைய ஆனந்தக் கூத்து.

அத்தோடு வந்திருக்கலாம்.

"ஒண்டு மிச்சமிருக்கு" என்று சொல்லிவிட்டு வானுக்குப் போனார். சட்டியோடும் பாலோடும் திரும்பி வந்தவரை நான் வாசலில் மறித்தேன்.

"அண்ணை, இஞ்ச வேண்டாம். இது வீடு மாதிரி இல்லை."

"அதுதான் பிழை" என்றார். "இவ்வளவு நாளும் ஒரு வீட்டுக்காரியா இருந்த மனிசி. இது வீடில்லை எண்டு நாங்களே நினைச்சா, அவ என்னெண்டு நினைப்பா?"

அந்த அறையோடு ஒரு சின்னச் சமையலறை இருந்தது, இரண்டு அடுப்புத்தட்டு. அண்ணை கிழக்குப் பார்த்தார். சட்டியை வைத்தார். பிறகு இங்கரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். வீட்டுக்காரிதான் காய்ச்ச வேண்டும் என்றார்.

"எதுவரைக்கும்?" என்று கேட்டார் இங்கர்.

"பொங்கி வழியும் வரைக்கும்."

"வழிய வேண்டுமா?"

"ஓம். நன்றாக வழிய வேண்டும்."

இங்கர் சட்டியையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்தார். "டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக் காலத்தில் அரிசிக் கஞ்சிக்குப் பால் வைத்தால், அது வழிந்துவிடக்கூடாது என்று அடுப்பைவிட்டு அசையாமல் நிற்பேன். என் வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்" என்றார்.

"இன்றைக்கு விடுங்கள்" என்றார் அண்ணை.

இங்கர் விட்டார். அடுப்பை உச்சத்தில் வைத்தார். பால் எழும்பி, விளிம்பில் நின்று யோசித்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி, சிவந்திருந்த அடுப்புத்தட்டில் வழிந்தது. இங்கர் இரண்டு கையையும் தட்டினார். வெள்ளையாக ஒரு புகை கூரைக்குப் போனது. கூரையில் ஒரு சின்ன வட்டப் பெட்டி இருந்தது.

படத்தில் இந்தப் பிழை இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கூரையில் பெட்டி இல்லை.

கட்டடம் முழுவதும் அலறியது. கதவுகள் தாமாகவே சாத்திக்கொண்டன. அன்ரன் சிலுவை போட்டான். "உது என்ன சத்தம்?" என்று அண்ணை கேட்டார். நான் யன்னலைத் திறந்து துவாயால் புகையை விசுக்கினேன், இனி விசுக்கி என்ன, செய்தி நேரே தீயணைப்பு நிலையத்துக்குப் போய்விட்டது. தாதிமார் ஓடினார்கள். பத்து நிமிடத்தில் அந்த இல்லத்தின் முதியவர்கள் அத்தனை பேரும் தள்ளுவண்டிகளோடும் சக்கர நாற்காலிகளோடும் போர்வைகளைப் போர்த்துக்கொண்டு முற்றத்தில் தூறலுக்குள் நின்றார்கள். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அண்ணை சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார்.

தீயணைப்பு வாகனங்கள் இரண்டு வந்தன. ஒன்றின் முதுகில் நீள ஏணி. அது முற்றத்துக்குள் வளைந்து திரும்பியது.

அண்ணையைக் குற்றம் சொல்ல முடியாது. பதினொரு மாதப் பழக்கம்.

"ஏணி!" என்று கத்தினார்.

நானும் அன்ரனும் குனிந்தோம். இங்கர் குனிந்தார். இங்கர் குனிவதைக் கண்ட மற்ற முதியவர்கள், ஏதோ காரணம் இருக்கும் என்று குனிந்தார்கள். தாதிமார் குனிந்தார்கள். பென்ட கையிலிருந்த பெயர்ப் பட்டியலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குனிந்தார். வாகனத்திலிருந்து இறங்கிய தீயணைப்புத் தலைவர் முற்றம் முழுவதும் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தானும் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்தார். அப்படியே கொஞ்ச நேரம் ஒருவரும் நிமிரவில்லை.

"எரிந்தது என்ன?" என்று கடைசியில் அவர் கேட்டார்.

"பால்" என்றார் அண்ணை.

"யார் எரித்தது?"

"நான்தான்" என்று இங்கர் கை உயர்த்தினார். முகம் சிவந்து, இருபது வயது குறைந்து நின்றார். "வேண்டுமென்றுதான் செய்தேன்."

அந்த இடத்தில் அண்ணை வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் கொம்பனி தப்பியிருக்கும். வயதான பெண், முதல் நாள், அடுப்புப் பழக்கமில்லை என்று விஷயம் முடிந்திருக்கும். அண்ணை சட்டியை என்னிடம் தந்துவிட்டு முன்னுக்குப் போனார். "இல்லை. அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். பிழை என்னுடைய கொம்பனியுடையது" என்றார். பிறகு மழைக்குள் நின்று கொப்பியை எடுத்து நாற்பத்து நான்கு என்று இலக்கமிட்டு எழுதினார்.

"என்ன எழுதுகிறீர்கள்?" என்று பென்ட கேட்டார்.

"பிழையை."

பென்ட முதியவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது வானின் முன்கண்ணாடியில் பிள்ளையாரும் மாதாவும் பக்கத்துப் பக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தார்கள். என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அண்ணை சொன்னார். "திங்கட்கிழமை வகுப்பு இல்லை தம்பி." வேறு வேலை வரும் மட்டும் என்று சேர்ந்தவன் நான். எப்போது அது என்னுடைய கொம்பனியானது என்று தெரியவில்லை.

புதன்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனோம். வெள்ளைச் சப்பாத்து கழுவித் துடைத்து வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுக்கப் போவதாகச் சொன்னார். ராகுகாலம் முடிந்த பிறகு என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் பென்ட தொலைபேசி எடுத்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணை ஒலிபெருக்கியில் போட்டார்.

அடுத்த கிழமை ஒரு கிழவர் வருகிறாராம், தொண்ணூறு வயதாம். இல்லத்தைப் பார்க்க வந்த இடத்தில் இங்கர் அவரைப் பிடித்து, இங்கே வருகிறவர்கள் பால் பொங்க வைக்க வேண்டும், அது இந்த இல்லத்தின் வழக்கம் என்று சொல்லிவிட்டாராம். கிழவர் இப்போது பால் உண்டு என்றால்தான் வருவேன் என்கிறாராம். ஏற்கெனவே இருப்பவர்களோ, எங்களுக்கு ஏன் பொங்க வைக்கவில்லை என்று முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். "நீங்கள் பிழையை ஒளிக்கவில்லை. அப்படிப்பட்ட ஆட்கள்தான் எனக்கு வேண்டும்" என்றார் பென்ட. "எல்லா வேலையும் உங்களுக்கே. ஒரே ஒரு நிபந்தனை. பால் வெளியே, தோட்டத்தில்."

நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கல்லுப் பிள்ளையாரிடம்கூட இன்னும் கொஞ்சம் உணர்ச்சி இருக்கும்.

"தோட்டத்தில் கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சப்பாத்தை அன்ரன் எடுத்துப்போய் மீன்பிடிக்கப் பாவித்தான்.

இரண்டு வருடம் கழித்து எனக்குத் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஹ்விடோவ்ரேயில் வீடு எடுத்தேன். இரண்டு பாலம் கடந்து அண்ணையே ரொட்டி வானைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் அளந்தார். பால் வைக்கும் முன்பு ஏணி வைத்து ஏறிக் கூரைப் பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏணி திரும்பியபோது நாங்கள் கத்திய சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்தார். அவருக்கும் குனியச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணை போனார்.

போன மாதம் ஏதோ தேடப் போய் இணையத்தில் அந்தப் படம் அகப்பட்டது, ஏணிக் காட்சியைக் கண்டு அடையாளம் பிடித்தேன். முழுப் படம். கீறல் இல்லை. உடனே அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, படம் கிடைச்சிட்டுது! கடைசி ஒன்பது நிமிசமும் இருக்கு. இப்பவே அனுப்புறன்."

மறுபக்கத்தில் அண்ணை வானை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"வேண்டாம் தம்பி."

"ஏன் அண்ணை? இவ்வளவு வருசம் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்!"

"படத்தில அவையின்ர கொம்பனி மூடுற மாதிரி இருந்தா நான் என்ன செய்யிறது? இனி என்னால அவைக்கு ஒண்டும் செய்யேலாது."

அந்த முகத்தை அவர் பார்த்துக்கொண்டு நின்றபோதெல்லாம் கயிற்றின் தடிப்பைக் கணக்குப் பார்க்கிறார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டை மட்டும் சொல்லும்" என்றார். "அந்த அலுமாரிக்குள்ள நிண்ட மனிசன். பத்திரமா இறங்கினவரோ?"

"இறங்கிட்டார் அண்ணை. ஒரு கீறல் காயமும் இல்லை."

"அப்ப சரி. அது போதும்" என்றார். பெரிய மூச்சொன்று விட்டது எனக்குக் கேட்டது.

உண்மையில் நான் அந்தக் கடைசி ஒன்பது நிமிடத்தைப் பார்க்கவில்லை. எழுபத்தோராவது நிமிடத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, இனிப் பார்க்கவும் மாட்டேன். அண்ணை கேட்டார், அந்த மனிதரைப் பத்திரமாக இறக்கி வைத்தேன். அவரிடம் வேலை பழகியவன் நான்.